சரளை தோண்டிய நிலத்தில் பசுமை மீள்வது எங்ஙனம்?

பாலிங் பட்டணத்தை விட்டுக் குரோவை நோக்கிச் செல்லும் சடக்கு, சுண்ணக்கல் மலைகளையும் பால்மரத் தோட்டங்களையும் கடந்து பேராக் எல்லைக்குள் ஏறுகிறது. குரோவுக்கு இன்றைய பெயர் பெங்காலான் ஹூலு. அதனையடுத்துள்ள ஊர் கிளியான் இந்தான். ‘கிளியான்’ என்பது சுரங்கத்தைக் குறிக்கும் பழைய மலாய்ச் சொல். தைப்பிங் வட்டாரத்தின் பழம்பெயரான கிளியான் பாவ் என்பதிலும் இச்சொல் காணப்படும். ஊர்ப் பெயரே தொழிலைச் சொல்லும் இந்த இடத்தில் நூறாண்டுக்கும் மேலாக வெள்ளீயம் வெட்டப்பட்டு வருகிறது. தெற்கே கூலிமும் காராங்கானும் ஈயத்தால் எழுந்த ஊர்களே.

ஈயச் சுரங்கம் பெரிய காயம். யார் கண்ணிலும் படும். அத்துணைப் பெரிதல்லாத காயங்கள் வேறு உண்டு. தோட்டத்துச் செம்மண் சாலைக்குச் சரளை எடுத்த குழிகள், நெடுஞ்சாலை மேட்டுக்கும் வீடமைப்புக்கும் மண் அள்ளிய குன்றுகள், ஆற்றோரத்து மணல் குவாரிகள் ஆகியவை கெடா மாநிலமெங்கும் சிதறிக் கிடக்கின்றன. லோரிகள் வந்து போனபின் அங்கே எஞ்சுவது செந்நிறக் கட்டாந்தரை. ஐந்தாண்டு கழிந்தும் லாலான்கூட முளைக்காத இடங்கள் உள்ளன. மழை மிகுந்த இந்நாட்டில், வெட்டிய மரக்கட்டையும் துளிர்க்கும் இம்மண்ணில், ஒரு துண்டு நிலம் மட்டும் ஏன் இவ்வாறு மலடாகிறது? இதற்கு விடை கண்டால்தான் பரிகாரமும் விளங்கும்.

விடையை ஒரு கண்ணாடிக் குப்பியில் காணலாம். நல்ல தோட்டத்து மண்ணில் ஒரு பிடி எடுத்துக் குப்பியிலிட்டு, முக்கால் பங்கு நீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி மேசைமேல் வைக்கவேண்டும். சிறு கற்கள் உடனே அடியில் தங்கும். ஒரு நிமிடத்துக்குள் மணல் படியும். மென்மையான வண்டல் படிய மணிக்கணக்காகும். களிமண்ணின் நுண்துகள் மறுநாளும் நீரைக் கலக்கலாகவே வைத்திருக்கும். மேலே மிதக்கும் கரிய தூசியே மக்கிய இலைதழை. ஒரு பிடி மண்ணாகக் கலந்திருந்த பொருள்கள் இப்போது அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டன. இவ்வடுக்குகளுள் எதனையும் தனியே எடுத்து விதை ஊன்றினால் பயிர் செழிக்காது. மணலில் நீர் நில்லாது, களியில் காற்றுப் புகாது, கல்லில் இரண்டுமில்லை. மண்ணின் வளம் அதன் கலப்பில் இருக்கிறது.

மலாயாவின் ஈயத் தொழில் செய்தது, இந்தக் குப்பிச் சோதனையை ஆயிரக்கணக்கான ஏக்கரில் நடத்தியதேயாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ‘கிராவல் பம்ப்’ என்னும் முறை பரவியது. பெயரிலேயே சரளை இருக்கிறது. குழியின் ஓரத்து மண்ணை, விசை மிகுந்த நீரைப் பீய்ச்சி இடிப்பர். இடிந்த சேறு வாய்க்காலோடு ஓடிப் பள்ளத்தில் சேரும். அங்கிருந்து சரளையையும் சேற்றையும் சேர்த்தே உறிஞ்சும் பம்பு அதனை உயரமாகக் கட்டிய ‘பலோங்’ என்னும் மரத்தொட்டியின் தலைக்கு ஏற்றும். பலோங் சரிவாக அமைந்தது; இடையிடையே தடுப்புக் கட்டைகள் உண்டு. ஈயக்கல் நீரைப்போல் ஏறத்தாழ 7 மடங்கு கனமுள்ளது. சாதாரண மணலோ 2.65 மடங்குதான். ஆதலால் ஈயம் தடுப்பில் தங்க, மற்றவை யாவும் நீரோடு வால்பக்கம் வழிந்து போகும். வழிந்த இடத்தில் கூழாங்கல் முதலில் விழும். அடுத்து மணல் மேடு எழும். களிச்சேறு தொலைதூரம் ஓடித் தாழ்ந்த குட்டையில் தேங்கும். ஆறு பல்லாயிரம் ஆண்டாகக் கலந்து வைத்த வண்டல் சில ஆண்டில் பிரிந்துவிடும். ஈயக்கப்பல் என்று நம்மவர் அழைத்த மிதக்கும் தூர்வாரியும் பின்பக்கம் இதே வேலையைச் செய்தது.

இவ்வாறு கிடந்த நிலத்தின் பரப்பு சிறிதன்று. தீபகற்பத்தில் ஈயம் எடுத்துக் கழித்த நிலம் சுமார் 1,13,700 ஹெக்டர் என 1990ஆம் ஆண்டில் வெளியான கணக்கொன்று கூறுகிறது. பெரும்பங்கு பேராக்கிலும் சிலாங்கூரிலும் உள்ளது. 1985 அக்டோபர் 24ஆம் நாள் அனைத்துலக ஈய மன்றத்தின் பணம் தீர்ந்துபோக, உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. நூற்றுக்கணக்கான சுரங்கங்கள் அடைக்கப்பட்டன. நடத்தியவர்கள் பம்பையும் இரும்பையும் பிரித்து விற்றுச் சென்றனர். மணல்மேடும் குட்டையும் அங்கேயே தங்கின.

மணல்மேட்டின் தன்மையைச் சற்று விரித்துரைப்பது பயன் தரும். நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் மணலே உள்ள மேடுகள் அவை. அன்றாடம் மழை பெய்தாலும் நீர் கீழே இறங்கிவிடும். மூன்று நாள் வெயிலில் மேற்புறம் காய்ந்துவிடும். போட்ட உரமும் அந்நீரோடு கரைந்தோடும். நண்பகலில் மணலின் மேற்பரப்பு 40 டிகிரி செல்சியசைத் தாண்டிச் சுடும். முளைத்த இளங்குருத்து தண்டின் அடியிலேயே வெந்து சாயும். சேற்றுக் குட்டையின் கதை இதற்கு நேர்மாறு. அங்கே சத்து ஓரளவு உண்டு. ஆனால் மழையில் கால் வைத்தால் இடுப்பளவு புதையும். வெயிலில் பாளம்பாளமாக வெடிக்கும். வேர் மூச்சுவிட இடமில்லை. மணலும் சேறும் இயல்பாகவே கலந்த சிறு பகுதிகளில்தான் புதர் விரைவாக ஏறுகிறது.

இந்நிலத்தில் தாமாக முளைக்கும் செடிகளை ஆராய்ந்தவர்களுள் ஒரு தமிழர் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர். வி. மு. பழனியப்பன் என்பார் ஈயக் கழிவு நிலத்தின் செடிக் கூட்டங்களையும், ஒன்றன்பின் ஒன்றாக அவை இடம்பிடிக்கும் வரிசையையும் ஆய்ந்து 1974ஆம் ஆண்டில் பிரிட்டனின் பயன்முறைச் சூழலியல் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார். மணல், சேறு என்ற நிலவேறுபாடே எச்செடி முதலில் வரும் என்பதைத் தீர்மானிக்கிறது என்பது இத்துறையில் கற்க வேண்டிய முதற்பாடம். அவருக்கு முன்னரே, 1957இல், வனத்துறையைச் சேர்ந்த மிச்செல் என்பார் ஈயக் கழிவு நிலத்தைச் சீர்படுத்தும் வாய்ப்புகளைப் பற்றி ‘மலாயன் பாரஸ்டர்’ இதழில் எழுதியிருந்தார். நாடு விடுதலை பெற்ற ஆண்டிலேயே இச்சிந்தனை இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

பிரிந்ததைத் திரும்பக் கலப்பதே பரிகாரம் என்பது இப்போது விளங்கும். இது தமிழ் உழவர்க்குப் புதிதன்று. கோடையில் ஏரி வற்றியதும் அதன் வண்டலை வண்டி வண்டியாக அடித்து மணற்பாங்கான கொல்லையில் பரப்புவது தமிழ்நாட்டில் தொன்றுதொட்ட வழக்கம். கொழுஞ்சியையும் சணப்பையும் வளர்த்து மடக்கி உழுவதும், அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவதும் அத்தகையனவே. கிந்தாப் பள்ளத்தாக்கின் சீனத் தோட்டக்காரர்களும் இதே வழியில் சென்றனர். சேற்றை மணலோடு சேர்த்தும், கோழி எருவை அள்ளிப் போட்டும், காலை மாலை நீர் பாய்ச்சியும் ஈய நிலத்தில் கீரையும் காயும் எடுத்தனர். பீடோர் கொய்யா புகழ் பெற்றதும் இப்படிப்பட்ட வட்டாரத்தில்தான். ஆராய்ச்சிக்கூடம் சொல்லும் முன்பே கைகள் அறிந்த வித்தை இது.

இனிச் செம்மண் சரளைக் குழிக்கு வருவோம். பாலிங் வட்டாரத்தில் ஒரு சாதாரண குடும்பத்துக்கு நேரே தொடர்புள்ளது இதுதான்.

சாலைக்கு எடுக்கும் செஞ்சரளையை விஞ்ஞானிகள் ‘லேட்டரைட்’ என்பர். இப்பெயரை இட்டவர் பிரான்சிஸ் புக்கானன். மலபாரின் அங்காடிப்புரத்தில், வெட்டும்போது மெத்தென்று இருந்து காற்றுப் பட்டதும் இறுகும் செங்கல்லை மக்கள் வீடு கட்டப் பயன்படுத்தக் கண்டு, செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் 1807ஆம் ஆண்டு வெளியான தம் பயண நூலில் அதனைக் குறித்தார். காற்றுப் பட்டதும் இறுகும் இக்குணமே சாலைக்கு நன்மை, செடிக்குத் தீமை. மேல்மண்ணையும் சரளையையும் எடுத்தபின் வெளிப்படும் அடித்தரை, இரும்பும் அலுமினியமும் மிகுந்த புளிப்பு மண். அதில் மணிச்சத்து இரும்போடு பிணைந்து வேருக்கு எட்டாமற் போகும். தழைச்சத்து அறவே இல்லை. லோரிகளும் புல்டோசரும் ஏறி ஏறி மிதித்ததால் தரை அம்மிக்கல் போல் இறுகியிருக்கும். பாலிங் மழை அதன்மேல் விழுந்தால் உள்ளே இறங்காமல் வழிந்தோடும். வெறுமையும் இறுக்கமும் ஒன்றையொன்று வளர்ப்பதால் நிலம் தானாக மீள்வதில்லை.

ஆகவே முதல் வேலை தோண்டத் தொடங்கும் முன்பே இருக்கிறது. மேல்மண் என்பது ஒரு சாணுக்கும் குறைந்த கனமுள்ளது. ஏறத்தாழ 15 முதல் 20 சென்டிமீட்டர். மக்கிய தழையும், புழுவும், பூஞ்சையும், உறங்கிக் கிடக்கும் விதைகளும் அங்கேதான் உள்ளன. அதனைத் தனியே சுரண்டி ஓரத்தில் குவித்து வைக்கவேண்டும். குவியல் ஆளுயரத்துக்கு மேற்படலாகாது; மேற்பட்டால் அடிப்பகுதி மூச்சு முட்டி உயிர்கள் மடியும். கொடிப்பயிர் விதையைத் தூவி மூடி வைத்தால் மழை அரிக்காது. எடுத்த மண்ணை எவ்வளவு விரைவில் திரும்பப் பரப்புகிறோமோ அவ்வளவு நன்று. இந்த ஒரு காரியத்தைச் செய்தவன் மற்ற செலவில் பாதியைத் தவிர்த்தவன் ஆவான். நடைமுறையிலோ முதல் லோரியில் ஏறிப் போவது மேல்மண்தான். வீட்டுத் தோட்டம் போடுவோர் அதற்குத் தனி விலை கொடுக்கின்றனர்.

தோண்டி முடிந்தபின் குழியின் செங்குத்துச் சுவரைச் சாய்க்கவேண்டும். ஒரு அடி உயரத்துக்கு மூன்று அடி நீளம் என்ற சரிவு இருந்தால் மண் நிற்கும், மனிதனும் ஏறி வேலை செய்யலாம். பிறகு இறுகிய தரையைப் புல்டோசரின் பின்னால் பூட்டும் நீண்ட இரும்புப் பல்லால் ஒன்றரை முதல் இரண்டடி ஆழம் கீறவேண்டும். கீறுவது சரிவின் குறுக்காக இருத்தல் வேண்டும்; மேலிருந்து கீழாகக் கீறினால் ஒவ்வொரு கீறலும் ஒரு வாய்க்காலாகிவிடும். தோட்டங்களில் நிரைகளுக்கிடையே வெட்டும் மண்குழிகளை, அதாவது ‘சில்ட் பிட்’டுகளை, இங்கும் வெட்டுவது நல்லது. ஓடிவரும் வண்டலை அவை பிடித்து வைக்கும்.

இதில் அசட்டை கூடாது. பாலிங்கின் நீரெல்லாம் சுங்கை கெட்டிலில் இறங்கி, கோலக் கெட்டிலில் மூடா ஆற்றோடு கலக்கிறது. மேட்டில் அவிழ்ந்த மண் கீழே படுகையை மேடாக்கும், நீர் கரையேறும். 2022 ஜூலை 4ஆம் நாள் குப்பாங்கில் மலையிலிருந்து சேறும் மரங்களுமாகப் பாய்ந்த வெள்ளத்தில் மூவர் மாண்டனர். வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. அதன் காரணங்கள் பற்றி வாதங்கள் நடந்தன. அதில் இங்கு புகவேண்டியதில்லை. மூடியில்லாத மலைச்சரிவின்மேல் பெருமழை விழுந்தால் மண் இறங்கும் என்பதில் வாதமில்லை.

தரை தயாரானதும் விதைக்க வேண்டியவை தோட்டத்து மக்கள் தலைமுறையாகக் கண்டவைதாம். ரப்பர் மறுநடவின்போது நிரைகளுக்கிடையே படரவிடும் பியூரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா என்னும் அவரைக் குலத்துக் கொடிகளே அவை. இக்கொடிகளின் வேரைப் பிடுங்கிப் பார்த்தால் கடுகளவும் மிளகளவுமான முடிச்சுகள் தெரியும். அவற்றுள் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடிக்கு உணவாக்குகிறது. முடிச்சை நகத்தால் கிள்ளும்போது உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது என்று பொருள். வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் பயனில்லை. தோண்டிய தரையில் இப்பாக்டீரியா இராது. ஆதலால் விதையோடு அதனையும் கலந்து இடவேண்டும். செழித்த கொடியின் அடிமண்ணை ஒரு கூடை எடுத்துக் கலப்பதும் உண்டு. விதையின் தோல் தடித்தது. சுடுநீரில் ஊறவைத்துப் போட்டால்தான் ஒருசேர முளைக்கும். கூடவே பாறை மணிச்சத்து உரத்தையும், புளிப்பை ஆற்றச் சுண்ணாம்புத் தூளையும் இடுவர். சுண்ணக்கல் மலைகள் சூழ்ந்த பாலிங்கில் இதற்குப் பஞ்சமில்லை.

1990களில் மலேசியாவுக்கு வந்த மூக்குனா பிராக்டியாட்டா என்னும் கொடி இன்னும் வலுவானது. வடகிழக்கு இந்தியாவிலிருந்து கேரள ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்று, அங்கிருந்து இங்கு வந்தது. வேர் ஆழமாகப் போகும், வறட்சியைத் தாங்கும். கவனமில்லாவிட்டால் இளமரத்தின் மேலேறிச் சுற்றி அமுக்கிவிடும் என்பது அதன் குறை. செம்பனை ஆலையின் வெறுங்குலைகளையும் மறக்கலாகாது. அவற்றைக் கனமாகப் பரப்பினால் தரையின் சூடு தணியும், ஈரம் நிற்கும், மக்கியபின் எருவாகும். ஆலைக்கு அருகிலுள்ள குழிகளுக்கு இதைவிட மலிவான போர்வை கிடையாது.

கொடி படர்ந்து ஓராண்டு இரண்டாண்டு சென்றபின் மரம். எந்த மரம் என்பதில் உலகின் பிற பகுதிகளிலிருந்து கற்கத்தக்கது மிகுதி. அவற்றுள் கென்யா நாட்டின் மொம்பாசாவுக்கு அருகிலுள்ள பம்புரி சிமெண்டு ஆலையின் கதை சுவையானது. பவளச் சுண்ணக்கல் வெட்டிய குழி. மண் என்று சொல்ல எதுவுமில்லை. அடியில் உப்பு கலந்த நீர். 1971ஆம் ஆண்டில் ரெனே ஹாலர் என்னும் சுவிஸ் நாட்டு வேளாண் அறிஞர் அங்கே 26 வகை மரங்களை நட்டுச் சோதித்தார். தேறியவை மூன்று. தென்னை ஒன்று, ஆப்பிரிக்காவின் கோனோகார்ப்பஸ் ஒன்று, சிறந்து நின்றது நம் சவுக்கு. சவுக்கு அவரைக் குலமன்று. ஆயினும் அதன் வேரிலும் நைட்ரஜன் பிடிக்கும் வேறொரு நுண்ணுயிர் குடியிருக்கிறது. மரம் வளர்ந்தது, அதன் ஊசியிலைகள் மெத்தைபோல் உதிர்ந்தன. உதிர்ந்தவை மக்கவில்லை! மக்கினாலன்றோ மண்? இங்கேதான் ஹாலரின் கூர்மை புலப்படுகிறது. சிவந்த கால்களையுடைய மரவட்டைகள் அவ்விலையைத் தின்பதைக் கண்டு, அவற்றைத் திரட்டிவந்து காட்டுக்குள் விட்டார். மரவட்டை தின்று கழித்ததில் பாக்டீரியா பெருகியது. கரிய மண் உருவாயிற்று. பிறகு பிற மரங்களும், பறவைகளும், மீன் குட்டைகளும், மான்களும் வந்தன. இன்று அது ஹாலர் பூங்கா என்று அழைக்கப்படுகிறது. நம் பிள்ளைகள் குச்சியால் குத்திச் சுருளவைத்து விளையாடும் மரவட்டைக்கு இவ்வளவு பெரிய உத்தியோகம் இருக்கிறது.

மலேசியாவில் பலர் விரும்பிய மரம் அக்கேசியா மங்கியம். 1966இல் ஆஸ்திரேலியாவிலிருந்து சபாவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1982 முதல் தீபகற்பத்தில் பெருமளவில் நடப்பட்டது. மோசமான மண்ணிலும் விரைந்து வளரும். இதுவும் நைட்ரஜன் பிடிக்கும். ஆனால் உள்தண்டு அழுகும் நோய் கண்டதால் பலகைக்கு எதிர்பார்த்த மதிப்புக் கிட்டவில்லை. அதன் விதை எங்கும் பரவி, வெட்டவெளியில் மற்றதற்கு இடங்கொடாமல் முளைக்கும் தொல்லையும் உண்டு. முதல் நிழலுக்காக மட்டும் இதனை நட்டு, சில ஆண்டில் கலைத்து, நாட்டு மரத்துக்கு இடம்விடுவதே தகும். ஒரே மரத்தை நெருக்கி நட்டுப் பச்சையாகத் தெரிகிறது என்று கணக்கு முடிப்பது நிலத்தைப் போர்த்தியதாகுமேயன்றி மீட்டதாகாது. புதுச்சேரி அருகே, 1968 பிப்ரவரி 28ஆம் நாள் தொடங்கிய ஆரோவில்லில் செம்மண் மேடு மழையால் ஓடையோடையாக அரித்துக் கிடந்தது. அங்கே முதலில் கரை கட்டி மழைநீரைத் தடுத்தனர். ஆஸ்திரேலிய அக்கேசியாவை நிழலுக்கு நட்டனர். பின்னர் அதன் அடியில் சோழமண்டலக் கரையின் பழைய உலர்பசுங்காட்டு மரங்களைக் கொண்டுவந்தனர். வரிசைமுறை அதுதான்: முதலில் நீர், அடுத்து நிழல், பின்னர் காடு.

இவ்வரிசை நம் நாட்டிலேயே நூறாண்டாக நின்று சான்று பகர்கிறது. 1926ஆம் ஆண்டில் டாக்டர் பாக்ஸ்வொர்த்தி என்பார் கெப்போங்கில் வன ஆராய்ச்சி நிலையத்துக்கு இடம் தேர்ந்தபோது, அங்கே இருந்தவை ஈயம் எடுத்த பள்ளங்களும் காய்கறிக் கொல்லைகளும் புதரும். அழகிய காடு எத்தனையோ இருக்க, கெட்ட நிலத்தைத் தேர்ந்தது வியப்பே. மெராந்தி, கப்பூர் முதலிய பெருமரங்களை அங்கே நட்டு வளர்த்தனர். இன்று கப்பூர் மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளிவிட்டு நிற்கும் அழகைக் காண வெளிநாட்டாரும் வருகின்றனர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ அவ்வனப் பூங்காவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்நிறுவனம் பீடோரிலும் மணல்மேட்டில் காடு வளர்க்கும் நிலையமொன்றை நடத்தி, உயர்ந்த மேட்டைத் தாழ்த்தி வேர் அடிநீரை எட்டச் செய்தல், அகன்ற குழியில் எருவிட்டு நடுதல் ஆகிய முறைகளைப் பயின்று வந்துள்ளது. கெப்போங்குக்கும் முந்தியது தைப்பிங் ஏரித் தோட்டம். 1880களில் ஈயக் குட்டைகளைச் சுற்றி அமைத்தது அது. கரையிலிருந்து நீர்மேல் கைநீட்டும் தூங்குமூஞ்சி மரங்களைக் கண்டவர், அவை நின்ற இடம் சுரங்கம் என்று சொன்னால் நம்பமாட்டார்.

குட்டையைப் பற்றிச் சொன்னபோது அதன் அபாயத்தையும் சொல்லியாக வேண்டும். தோண்டிய குழியில் நீர் நிறைந்தால் அது ஏரியாகத் தோன்றும். ஏரியின் இயல்பு அதற்கில்லை. கரையோரம் கணுக்காலளவு, இரண்டடி தள்ளினால் ஆளுயரத்துக்கு மேல். அடியில் சேறு காலைப் பிடிக்கும். விடுமுறை நாளில் மீன்பிடிக்கவும் நீந்தவும் போன சிறுவர்கள் திரும்பாமற் போன செய்தி ஏடுகளில் ஆண்டுதோறும் வருகிறது. ஆகவே நீர்க்குழியைக் கைவிடுமுன் கரையைச் சாய்த்துச் சில மீட்டர் தூரமாவது ஆழமற்ற விளிம்பு அமைக்கவேண்டும். அவ்விளிம்பில் கோரையும் தாமரையும் வேர்பிடிக்கும், கால் தவறியவன் எழுந்து நிற்கலாம், மீன்குஞ்சு வளரும், அது கொசுப்புழுவைத் தின்னும். வெறும் எச்சரிக்கைப் பலகையால் இவற்றுள் எதுவும் நடவாது. ஈயம் எடுத்த குட்டையானால் இன்னொன்றும் உண்டு. ஈயக்கல்லோடு பிறந்த ஆர்செனிக், காரீயம் முதலியவை சில இடங்களில் நீரிலும் சேற்றிலும் தங்கியிருப்பது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. அந்நீரில் மீன் வளர்க்கவும் அச்சேற்றில் கீரை போடவும் முன்னர் ஒருமுறை மண்ணையும் நீரையும் சோதித்துக்கொள்வது அறிவுடைமை. சாதாரண சாலைச் சரளைக் குழியில் இவ்வச்சம் குறைவு.

செலவை யார் ஏற்பது? ஈயம் போன்ற கனிமங்களுக்கு 1994ஆம் ஆண்டின் கனிம மேம்பாட்டுச் சட்டமும், அதனையொட்டி மாநிலங்கள் இயற்றிய கனிமச் சட்டங்களும் உள்ளன. சுரங்கம் வைப்போர் நிலத்தைச் சீர்படுத்தும் திட்டத்தை முன்கூட்டியே கொடுக்கவும், அதற்கான நிதியில் பணம் கட்டவும் அவை ஏற்பாடு செய்கின்றன. சரளை, மணல், செம்மண் முதலியவை 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தில் ‘பாறைப் பொருள்’ எனப்படுகின்றன. சொந்த நிலத்து மண்ணேயானாலும் அதனை வெளியே கொண்டுபோய் விற்க மாவட்ட நில அலுவலகத்தின் உரிமம் வேண்டும். ‘4சி’ பாரம் என்று நம்மவர் பேச்சில் வருவது இதுவே.

ஆனால் இரண்டு மூன்று ஏக்கர் பால்மரக் கொல்லை வைத்திருக்கும் ஒருவரிடம் குத்தகையாளர் வந்து, லோரிக்கு இவ்வளவு என்று மண்ணுக்கு விலை பேசும்போது, பேச்சு லோரிக் கணக்கோடு நின்றுவிடுகிறது. எவ்வளவு ஆழம்வரை எடுப்பது, மேல்மண் யாருக்கு, சுவரைச் சாய்ப்பது யார், தரையைக் கீறிக் கொடுப்பது யார் என்பன எழுதப்படுவதில்லை. இயந்திரம் நிலத்தில் நிற்கும்போது சுவரைச் சாய்ப்பதும் கீறுவதும் ஓரிரு நாள் வேலை. அது ஊரைவிட்டுப் போனபின் திரும்ப வாடகைக்கு அழைத்தால், மண் விற்ற காசில் பெரும்பகுதி அதற்கே சரியாகும். ஆதலின் கடைசிப் பகுதிப் பணத்தை நிறுத்திவைத்து, மேல்மண் பரப்பிக் கொடி விதை முளைத்தபின் கொடுப்பதாக எழுதிக்கொள்வது நலம். முன்பணத்தில் ஒரு பகுதியைக் கொடிவிதைக்கும் மணிச்சத்துக்கும் ஒதுக்கிவைத்தலும் வேண்டும்.

முளைத்த நிலத்தை முதல் மூன்றாண்டு பார்த்துக்கொள்ள வேண்டும். ஆடுமாடு புகாமல் வேலி. வறட்சியில் தீப் பிடிக்காமல் லாலானை அடக்குதல். செத்த கன்றுக்கு மறுநடவு. மலாய்க்காரர் செண்டுடோக் என்னும், பழத்தைத் தின்றால் நாக்கு நீலமாகும் செடி தானாக வந்து ஊதாப் பூப் பூத்தால், அதைக் களையென்று வெட்டவேண்டாம். அதன் பழத்துக்கு வரும் பறவைகள் பக்கத்துக் காட்டு விதைகளைக் கொண்டுவந்து போடும். மூன்றாம் ஆண்டில் ஒரு மண்வெட்டி ஆழம் தோண்டிப் பார்த்தால், செந்தரைக்குமேல் விரற்கடை அளவு கரிய மண் படிந்திருப்பதும், அதில் மண்புழு நெளிவதும் தெரியவரும். அவ்வாண்டில் குப்பிச் சோதனையை மீண்டும் செய்து பார்த்தால், மேலே மிதக்கும் கரிய தூசி கூடியிருக்கும்.